உண்ணாதார்க்கும் வரும் நோய்

பன்றியிறைச்சி நமக்கு விலக்கப்பட்ட உணவு. தலைமுறை தலைமுறையாக நம் அடுக்களைகளில் அதற்கு இடமில்லை. ஆதலின், அப்பிராணியின் வழியே பரவும் நோய் எதுவாயினும் அது நம் வாசற்படியைத் தாண்டி வாராது என்றொரு நிம்மதி நம் குடும்பங்களில் நிலவி வருகிறது. இந்த நிம்மதி பாதிதான் உண்மை. மறு பாதியை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆராய்ச்சியின் பெரும்பகுதி நம் வேலூரிலும், அதனை அடுத்த ஊரகங்களிலும் நடந்தது என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. வலிப்பு நோயால் துன்புறும் பிள்ளைகளைப் பெற்ற வீடுகளுக்கு இவ்வரலாறு இன்றியமையாதது. ஆகவே அதனை முறையாக நினைவுகூர்வோம்.

சுரைவிதை என்னும் பெயர்

நாடாப்புழுவை மனிதன் நெடுங்காலமாகவே அறிந்திருந்தான். நம் முன்னோரான முஸ்லிம் மருத்துவர்களின் நூல்களிலும் அதற்கு இடமுண்டு. கி.பி. 980இல் பிறந்து 1037இல் மறைந்த மாமேதை இப்னு ஸீனா, தம் ‘அல் கானூன்’ என்னும் பெருநூலில் குடற்புழுக்களை நான்கு வகையாகப் பிரித்தார். அவற்றுள் அகன்ற வகைக்கு ‘ஹப்புல் கர்உ’, அதாவது சுரைவிதை என்ற பெயர் வழங்கிற்று. மலத்தோடு வெளிப்படும் நாடாப்புழுவின் தட்டையான கணுக்கள் சுரைவிதையைப் போன்றே தோன்றுவதால் அமைந்த பெயர் அது. அதே நூலில் ‘ஸரஉ’ எனப்படும் வலிப்பை அவர் தலையைச் சார்ந்த நோய்களின் வரிசையில் வைத்து ஆராய்ந்தார். பேயின் வேலை என்று மக்கள் நடுங்கிய ஒன்றை மூளையின் நோயாகக் கண்ட தெளிவு போற்றத்தக்கது.

ஆனால் குடலிலே வாழும் அந்தச் சுரைவிதைப் புழுவுக்கும், தலையிலே தோன்றும் வலிப்புக்கும் இடையே ஓடும் வழி எது என்பது துலங்கப் பின்னும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1850களில் பெல்ஜிய நாட்டு வான் பெனிடன் புழுவின் முட்டைகளைப் பன்றிக்கு ஊட்டி, அதன் தசையில் கொப்புளங்கள் தோன்றியதைக் கண்டார். ஜெர்மானியரான கூகென்மைஸ்டர், 1855இல், மரணதண்டனை பெற்ற கைதி ஒருவனுக்கு அவன் அறியாமலே அக்கொப்புளங்களை உணவில் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பின் அவன் குடலைத் திறந்து பார்த்தபோது இளம் நாடாப்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த முறை அறத்துக்கு ஒவ்வாதது. அதனால் வெளிப்பட்ட உண்மையோ மறுக்க முடியாதது.

முட்டையும் கொப்புளமும்

அவ்வுண்மையை நாம் சற்று நிதானித்து அறிந்துகொள்ள வேண்டும். நம் நிம்மதி எங்கே பாதியாகிறது என்பது இங்கேதான் விளங்கும்.

பன்றி நாடாப்புழுவுக்கு இரண்டு வாழ்க்கைகள் உண்டு. வேகாத பன்றியிறைச்சியில் இருக்கும் கொப்புளத்தை ஒருவர் உண்டால், அது அவருடைய குடலில் சில மீட்டர் நீளமுள்ள முழுப்புழுவாக வளர்கிறது. அந்தப் புழுவால் அவருக்குப் பெருந்துன்பம் எதுவும் இல்லை. பலர் அது இருப்பதையே அறியார். ஆனால் அதன் முதிர்ந்த கணுக்கள் நாள்தோறும் மலத்துடன் வெளியேறுகின்றன. ஒவ்வொரு கணுவிலும் 50,000 அளவில் முட்டைகள் இருக்கக்கூடும். அவை கண்ணுக்குத் தெரியா. மண்ணிலே பல வாரங்களும் மாதங்களும் உயிரோடு கிடக்கும். திறந்தவெளியில் மலத்தைத் தின்னும் பன்றியின் வயிற்றில் சேர்ந்தால், அங்கே வெடித்து, குருதி வழியே தசைகளுக்குச் சென்று கொப்புளமாகும்.

அம்முட்டைகள் பன்றியின் வயிற்றுக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. கழுவாத கீரையில் ஒட்டிக்கொண்டு வரலாம். அசுத்தமான நீரில் கலக்கலாம். புழுவைச் சுமப்பவர் கை கழுவாமல் பிசைந்து தரும் சோற்றில் சேரலாம். மனிதன் அவற்றை விழுங்கிவிட்டால், பன்றியின் உடலில் நடப்பதே அவன் உடலிலும் நடக்கிறது. கொப்புளங்கள் தசையில் தங்கினால் கட்டியாகும். கண்ணில் தங்கினால் பார்வை கெடும். மூளையில் தங்கினால் வலிப்பு வரும். ஆகவே இறைச்சியைத் தின்றவருக்குக் கிடைப்பது குடற்புழு. முட்டையை விழுங்கியவருக்குக் கிடைப்பதே மூளை நோய். முட்டையை விழுங்குவதற்குப் பன்றியிறைச்சியைத் தொடவேண்டிய தேவையே இல்லை.

ஈண்டு மற்றொன்றையும் கூறிவிடுதல் நலம். மாட்டிறைச்சியின் வழியாகவும் ஒருவகை நாடாப்புழு வருகிறது. அது வேறு இனம். அதன் முட்டை மனித மூளையில் கொப்புளத்தை உண்டாக்குவதில்லை. எனினும் குடற்புழு வாராதிருக்க இறைச்சியை நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

சென்னைக் கூலியாளும் ஆங்கிலச் சிப்பாயும்

இந்தியாவில் இந்நோய் பற்றிய முதற்குறிப்பு நம் சென்னையிலிருந்தே கிடைக்கிறது. வலிப்பு கண்டு இறந்த ஒரு கூலித் தொழிலாளியின் உடலில் இக்கொப்புளங்கள் இருந்ததை 1888இல் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் பதிவு செய்தார். 1912இல் கிருஷ்ணசாமி என்ற மருத்துவர், தசைவலியும் தோலடிக் கட்டிகளும் கொண்டிருந்தோரைப் பற்றி எழுதினார். இறந்தபின் ஆராய்ந்தபோது தசையிலும் இதயத்திலும் மூளையிலும் கொப்புளங்கள் நிறைந்திருந்தன.

அடுத்து வந்த சான்று கடல் கடந்து கிடைத்தது. இந்தியாவில் பணிபுரிந்துவிட்டுத் தாயகம் திரும்பிய ஆங்கிலச் சிப்பாய்கள் பலருக்கு ஆண்டுகள் சில கழித்து வலிப்பு கண்டது. 1930களில் மெக்கார்த்தர் என்ற இராணுவ மருத்துவர் இதன் காரணத்தைத் தேடி, அவர்தம் உடல்களில் இந்தக் கொப்புளங்களையே கண்டார். 1961இல் டிக்சனும் லிப்ஸ்கோமும் இவ்வாறான 450 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டனர். நோய் உடலுள் புகுந்த நாளுக்கும் வலிப்பு தோன்றும் நாளுக்கும் இடையே ஆண்டுகள் பல ஓடலாம் என்பது இதனால் உறுதியாயிற்று.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் விந்தையானது. உயிரோடிருக்கும் கொப்புளம் நம் உடலின் காவற்படைக்குத் தன்னை மறைத்துக்கொண்டு அமைதியாக வாழ்கிறது. அது முதுமையடைந்து சாகத் தொடங்கும்போதுதான் திரை விலகுகிறது; உடல் அதனைப் பகையென அறிந்து தாக்குகிறது; அத்தாக்குதலால் மூளையில் எழும் வீக்கமே பெரும்பாலும் வலிப்பாக வெளிப்படுகிறது.

வேலூர் எழுப்பிய ஐயம்

வேலூர் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி. நாட்டின் பிற பகுதியினருக்கோ அவ்வூரின் பெயரைக் கேட்டதும் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவமனை நினைவுக்கு வரும். அங்கே 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நிறுவிய நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையே இந்திய நாட்டில் அத்துறையின் தொடக்கம்.

மூளையைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் கருவி 1971இல் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பயன்பட்டது. பின்னர் இந்தியாவுக்கும் வந்தது. 1980களில் அக்கருவி ஒரு புதிரைக் கொணர்ந்தது. வலிப்போடு வந்த இந்திய நோயாளிகள் பலரின் மூளையில் ஒரே ஒரு சிறிய கட்டி மோதிர வடிவில் தெரிந்தது. நம் நாட்டில் காசநோய் மிகுதி. ஆதலின் அது காசநோய்க் கட்டியே என முடிவுசெய்து மாதக்கணக்கில் காசநோய் மருந்தைக் கொடுத்து வந்தனர். சில மாதங்களில் கட்டி மறைந்தது. மருந்தே அதை மறைத்தது என்று நம்புவதும் எளிதாயிற்று.

வேலூர் மருத்துவர்கள் இதில் ஐயம் கொண்டனர். டாக்டர் மாத்யூ சாண்டி, டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அத்தகைய கட்டிகள் சிலவற்றை அறுவை செய்து எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். அங்கே காசநோய்க் கிருமிக்குப் பதிலாக நாடாப்புழுக் கொப்புளத்தின் சிதைவைக் கண்டனர். 1989இல் இம்முடிவு லண்டனிலிருந்து வரும் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. அக்கட்டிகளில் பல மருந்தின்றித் தாமாகவே மறைபவை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. கட்டியின் அளவு 20 மில்லிமீட்டருக்கு மிகாமை, மூளையழுத்தம் நீடியாமை, உறுப்புச் செயலிழப்பு வளராமை முதலிய அடையாளங்களை வகுத்து, தலையைத் திறக்காமலே இந்நோயை அறியும் முறையையும் அவர்கள் 1990களில் நிலைநாட்டினர். தேவையற்ற காசநோய் மருந்திலிருந்தும் தேவையற்ற அறுவையிலிருந்தும் எத்தனையோ பேர் இதனால் காக்கப்பட்டனர்.

குருதியில் கிடைக்கும் இரண்டு தடயங்கள்

படம் பிடிக்கும் கருவி நகரத்தில் இருக்கிறது. நோயோ ஊரகத்தில் கிடக்கிறது. ஒரு துளிக் குருதியைக் கொண்டே இதனை அறிய முடியாதா என்ற வினா எழுந்தது. இவ்விடத்தில்தான் ‘ஆன்டிஜென்’ என்ற சொல் வரலாற்றில் நுழைகிறது.

புழுவின் உடலிலிருந்து கசியும் புரதங்கள் முதலான பொருள்களை ஆன்டிஜென் என்பர். உடலின் காவலைத் தூண்டுவதால் தமிழில் அவற்றைத் தூண்டுபொருள் எனலாம். அதனைக் கண்டு உடல் உண்டாக்கும் ஆயுதம் எதிர்ப்பொருள். திருடன் விட்டுச்சென்ற பொருள் ஒன்று. அவனைத் துரத்த வீட்டார் எடுத்த தடி மற்றொன்று. குருதியில் தூண்டுபொருள் கிடைத்தால் உயிருள்ள கொப்புளம் உடலில் எங்கோ இருக்கிறது என்று பொருள். எதிர்ப்பொருள் கிடைத்தாலோ, புழு எப்போதோ ஒருநாள் உள்ளே புக முயன்றது என்பதே பொருள். அது இன்னும் இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்பது அதனால் விளங்காது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் குழப்பிக்கொண்டால் நோயில்லாதவரை நோயாளி என்றும் நோயாளியை நலமுடையவர் என்றும் கூற நேரிடும்.

தொடக்கத்தில் பன்றியின் கொப்புளத்தை அப்படியே அரைத்துச் சோதனைக்குப் பயன்படுத்தினர். அதில் கலந்திருந்த பலவகைப் பொருள்கள் பிற புழுக்களின் நோய்க்கும் ‘ஆம்’ என்று விடை கூறின. 1989இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் விக்டர் சாங் குழுவினர் இக்குறையை நீக்கினர். மைசூர்ப் பருப்பிலிருந்து எடுக்கப்படும் ஒருவகைப் புரதத்தைக் கொண்டு, கொப்புளத்தின் சர்க்கரை சேர்ந்த புரதங்களை மட்டும் வடித்தெடுத்தனர். அவற்றுள் ஏழு தூண்டுபொருள்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்து, அக்கோடுகளில் நோயாளியின் குருதி ஒட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை உருவாயிற்று. நம் வீடுகளில் நாள்தோறும் வேகும் பருப்பு இத்துணை நுட்பமான பணிக்கும் உதவியது இறைவனின் படைப்பு விந்தைகளுள் ஒன்று.

இச்சோதனை பல கொப்புளங்கள் உடையவரிடம் மிகச் செம்மையாக வேலை செய்தது. ஆனால் இந்திய நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்பட்டதோ ஒற்றைக் கட்டி. அதுவும் சாகும் நிலையில் இருப்பது. அது தூண்டும் எதிர்ப்பொருள் மிகக் குறைவு. ஆகவே நோய் இருந்தும் சோதனை ‘இல்லை’ என்று கூறும் நிலை பலமுறை ஏற்பட்டது. வேலூரில் டாக்டர் அன்னா உம்மன் முதலியோர், நம் நோயாளிகளுக்குப் பொருந்தும் தூண்டுபொருள்கள் எவை என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து இக்குறையைக் குறைக்க முயன்றனர். குருதிச் சோதனையை மட்டும் நம்பாமல், படத்தையும் நோயாளியின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு கூறவேண்டும் என்ற பாடத்தையும் இதனால் பெற்றோம்.

ஊரகம் தந்த விடை

வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலைத்தொடரின் பக்கமாக அமைந்தது கணியம்பாடி வட்டாரம். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் இவ்வட்டாரத்தில் மேற்சொன்ன மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை பல பத்தாண்டுகளாகப் பணியாற்றி வருகிறது. பிறப்பும் இறப்பும் நோயும் வீடு வீடாகக் கேட்டறியப்பட்டுக் குறிக்கப்படுகின்றன. தாமாக மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் எண்ணினால் ஒரு நோயின் உண்மை அளவு விளங்காது. வாசலுக்குச் சென்று கேட்பவருக்கே அது விளங்கும்.

அவ்வாறே வேலூர் மாவட்டத்தில் நகரிலும் ஊரகத்திலுமாக 50,617 பேரிடம் வலிப்பு நோய் பற்றி வீடு வீடாகச் சென்று விசாரித்தனர். 2006இல் வெளியான அதன் முடிவின்படி, ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ நால்வர் வலிப்பு நோயால் துன்புற்றுக்கொண்டிருந்தனர். அவர்களுள் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்த நாடாப்புழுக் கொப்புளமே. தடுக்கக்கூடிய ஒரு காரணத்தால் இத்தனை பேர் வலிப்புக்கு ஆளாகியிருந்தனர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

2010இல் மற்றொரு ஆய்வு வெளியாயிற்று. ஊரக வட்டாரத்தின் 21 ஊர்களை, 8,000க்கும் மேற்பட்ட வீடுகளோடு வரைபடத்தில் குறித்து, எங்கெங்கே நோயின் தடயம் செறிந்திருக்கிறது என்று பார்த்தனர். எதிர்ப்பொருள் உடையோர் ஐந்து இடங்களிலும், தூண்டுபொருள் உடையோர் இரண்டு இடங்களிலும், குடற்புழு உடையோர் ஓர் இடத்திலும் திரண்டிருந்தனர். புழுவைச் சுமப்போர் மிகச் சிலரே. ஆனால் அவர்கள் சிந்தும் முட்டைகள் சுற்றிலும் பரவுகின்றன.

அடுத்த ஆண்டு, 2011இல் வந்த முடிவு இன்னும் சிந்தனைக்குரியது. நோயின் அறிகுறி ஏதுமில்லாத மக்களின் குருதியில் மூன்றையும் தேடினர்: முட்டைக்கெதிரான எதிர்ப்பொருள், கொப்புளத்துக்கெதிரான எதிர்ப்பொருள், கொப்புளத்தின் தூண்டுபொருள். எதிர்ப்பொருள் உடையோர் பலர். தூண்டுபொருள் உடையோர் அவர்களினும் மிகச் சிலர். இதன் பொருள் யாது? முட்டையை விழுங்கியோர் பலர். ஆனால் அவர்களுள் பெரும்பாலோரின் உடல், புழு வேரூன்றுமுன்பே அதனை அழித்துவிட்டது. நாம் அறியாமலே நம்முள் நடக்கும் இந்தப் போரில் வல்ல நாயன் நமக்கு அளித்த காவலே பெரும்பாலும் வெல்கிறது. தோற்கும் சிலரே நோயாளிகளாகின்றனர்.

உடலின் இந்த வெற்றியே தடுப்பூசிக்கும் வழிகாட்டியது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவின் தூண்டுபொருள் ஒன்றை ஆஸ்திரேலியாவின் மார்ஷல் லைட்டவுலர்ஸ் குழுவினர் பிரித்தெடுத்து, அதனைக் கொண்டு பன்றிகளுக்கான தடுப்பூசியை ஆக்கினர். ஹைதராபாத் நிறுவனம் ஒன்று அதனைத் தயாரித்து விற்பனைக்குக் கொணர்ந்தது. மனிதருக்கான தடுப்பூசி இன்னும் வரவில்லை. பன்றியைக் காத்தால் புழுவின் வட்டம் அறும். அதனால் மனிதரும் காக்கப்படுவர்.

நமக்கு இதில் என்ன பங்கு?

1992இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்ட செய்தி நம் வினாவுக்கு நேரான விடையாகும். நியூயார்க் நகரில் மார்க்க ஒழுக்கம் தவறாத யூதர்கள் நால்வருக்கு இந்நோய் கண்டது. அவர்களும் நம்மைப் போலவே பன்றியைத் தொடாதவர்கள். அவ்வீடுகளில் சமையலும் வேலையும் செய்தோர், இந்நோய் பரவியுள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். குடலில் புழு இருப்பதை அறியாமலே அவர்கள் உணவைத் தொட்டிருக்கிறார்கள். 2004இல் குவைத்திலிருந்தும் இதுபோன்ற செய்தி வந்தது. வெளிநாடு சென்றிராத உள்ளூர் மக்களுக்கும் அங்கே இந்நோய் கண்டிருந்தது. நம் இந்தியாவிலும் இந்நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் மரக்கறி உண்போரும் பன்றியிறைச்சியை உண்ணாதோருமே.

இதைப் படித்துவிட்டு வேலைக்காரப் பெண்ணை ஐயுறுவோர் இச்செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டவராவர். புழுவைச் சுமப்பவரே முதல் ஆபத்துக்குரியவர். தம் கையாலேயே முட்டையைத் தாம் விழுங்கக்கூடியவர். மருத்துவர் தரும் எளிய மாத்திரையால் குடற்புழுவை அகற்றலாம். நம் வீட்டில் உழைப்பவருக்குக் கழிப்பறையும் சவுக்காரமும் மருத்துவ உதவியும் அளிப்பது அவருக்கு நாம் செய்யவேண்டிய கடமை. அதுவே நம் பிள்ளைகளுக்கும் காப்பாகும்.

மற்றொரு கடமை வலிப்பு நோயாளியைப் பற்றியது. வலிப்பு வரும் மகளைப் பூட்டிய அறையில் வைத்து, தாயத்துக்கும் மந்திரிப்புக்கும் பொருளைச் செலவிட்டு, மணப்பேச்சில் உண்மையை மறைத்து, பின்னர் மணமுறிவில் முடியும் கதைகள் நம் ஊர்களில் உண்டு. ஸஹீஹுல் புகாரியில் பதிவான நிகழ்ச்சி ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். வலிப்பு நோயுடைய கறுப்பினப் பெண்மணி ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். பொறுமைக்குச் சுவனத்தை நன்மாராயமாகக் கூறினார்கள் அவர்கள். அப்பெண்மணியைச் சுவனத்துப் பெண் என்றே பின்னாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பிறருக்குச் சுட்டிக்காட்டினார்கள். வலிப்பு அங்கே இழிவாகக் கருதப்படவில்லை. நம் நாட்டுச் சட்டமும் 1999இல் இந்து திருமணச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம் ஆகியவற்றிலிருந்து வலிப்பு நோயைத் தடையாகக் கூறும் சொல்லை நீக்கிவிட்டது. சட்டம் மாறிய பின்னும் மனம் மாறாதிருப்பது நமக்கு அழகன்று.

ஒற்றைக் கட்டியால் வரும் வலிப்பு பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். கட்டி மறைந்தபின் மருத்துவர் ஆலோசனைப்படி மருந்தையும் நிறுத்திவிட முடிவோர் பலர். ஆகவே முதல் வலிப்பு கண்டதுமே நரம்பியல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். புழு மருந்தைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது. மூளையில் கொப்புளம் இருப்பவருக்குச் சில மருந்துகள் வலிப்பை மிகுவிக்கக்கூடும்.

எஞ்சியவை நம் அன்றாடப் பழக்கங்கள். உண்ணுமுன்னும் மலங்கழித்த பின்னும் சவுக்காரமிட்டுக் கை கழுவுதல், பச்சையாக உண்ணும் காய்கனிகளையும் கீரைகளையும் நல்ல நீரில் அலசுதல், குடிநீரைக் கொதிக்கவைத்தல், ஊரில் எவரும் வெட்டவெளியை நாடாதபடி கழிப்பறைகள் அமைத்தல் ஆகியவை அவை. தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசும் நம் மஹல்லா ஜமாஅத்துகள், பள்ளிவாசலின் ஹவுழுக்குக் காட்டும் கவனத்தைத் தெருவின் கழிநீர்க் காலுக்கும் காட்டினால், பன்றியை உண்ணாத நம் பிள்ளைகளும் அதன் புழுவிலிருந்து காக்கப்படுவார்கள்.